பஸ் திரும்பாத முனையில் நம் கடை

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, கடை அடைத்த கையோடு, வடசென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் மூன்று மாதத்துச் சிட்டை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நம்ம கடை வாசல்ல திரும்பிக்கிட்டு இருந்த பஸ்ஸை உள்ளே புது நகர் வரைக்கும் நீட்டிட்டாங்க. இப்போ நம்மகிட்ட வெறும் ஸ்டாப்பிங்தான். அரை நிமிஷம் நிக்கிறான், போயிடறான். கடையைக் கைமாத்தி விட்டுரலாமான்னு யோசிக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. "சிட்டையை வைத்துவிட்டுப் போங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறோம்" என்று அனுப்பி வைத்தோம். அவர் போன பிறகுதான் யோசனை ஓடியது. இது அவர் ஒருவருடைய கதையா? இந்த நகரத்தில் பஸ்ஸை நம்பிக் கடை வைத்து, பஸ் போன பிறகு தெரு முனையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆகவே அவருக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

திரும்பும் இடம் என்றால் என்ன

பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பஸ் நாற்பதடித் தெருவில் ஒரே வீச்சில் திரும்பாது. அதற்கு ஏறக்குறைய எண்பதடி அகலமாவது வேண்டும். அதனால்தான் பஸ் திரும்பும் இடங்கள் ஏரிக்கரை ஓரம், கோயில் மைதானம், சினிமாக் கொட்டகை எதிரே என்று காலி இடம் கிடைத்த பக்கம் அமைந்தன. அந்தக் காலி இடத்தின் ஓரத்தில் முதலில் ஒரு டீக்கடை வரும். பிறகு வெற்றிலை பாக்கு, பீடி சிகரெட். அப்புறம் சைக்கிள் கடை. அதற்கப்புறம் நம்மவர் மளிகை. தெற்கேயிருந்து சென்னைக்கு வந்து, ஒரு கடையில் பொட்டலம் மடித்துப் பழகி, பிறகு தனிக்கடை பார்த்த பலரும் முதலில் கேட்ட கேள்வி, "பஸ் எங்கே திரும்புது?" என்பதுதான். வாடகை எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி.

காரணம் இருக்கிறது. வழியில் இருக்கும் ஸ்டாப்பிங்கில் இறங்குகிறவர் வீட்டைப் பார்த்து நடப்பார். கடைசி நிறுத்தத்தில் அப்படி இல்லை. பஸ் காலியாகும், ஒரே நேரத்தில் நாற்பது, ஐம்பது பேர் இறங்குவார்கள், ஏறவேண்டியவர்கள் பத்து நிமிஷம், கால் மணி நேரம் காத்திருப்பார்கள். காத்திருக்கும் மனிதனின் கண் கடைமேல்தான் விழும். வாழைப்பழத்தார் தொங்குவதைப் பார்த்ததும் வீட்டில் குழந்தை இருப்பது ஞாபகம் வரும். டிரைவரும் கண்டக்டரும் டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ குடிக்க வருவார்கள். இரவு கடைசி பஸ்ஸில் வரும் கூலிக்காரர்களுக்காக நம்மவர் பாதிக் கதவைத் திறந்து வைத்திருப்பார். அரைக் கிலோ அரிசி, நூறு துவரம்பருப்பு, ஐம்பது எண்ணெய், நாலு முட்டை. அந்த ஒரு பஸ்ஸின் வியாபாரம் பகல் முழுதும் நடந்ததற்குச் சமமாக இருந்த காலம் உண்டு.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. சில்லறை! அந்த நாளில் சில்லறைத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பது பெட்டியடியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். மீதிக்கு மிட்டாய் கொடுத்துச் சண்டை வாங்கியிருக்கிறோம். பஸ் திரும்பும் முனையில் கடை வைத்தவருக்கு அந்தக் கவலை இல்லை. கண்டக்டரின் தோல்பையில் சேர்ந்த நாணயத்தை டிரிப் முடிவில் எண்ணிக் கடையில் கொட்டிவிட்டு நோட்டாக வாங்கிப் போவார். இவருக்கும் பை இலேசாகும், நமக்கும் கல்லா நிறையும். கமிஷன் எதுவும் கிடையாது. போனால் போகிறது என்று ஒரு டீ. இந்தக் கொடுக்கல் வாங்கலை எந்த வங்கியும் அவ்வளவு சுலபமாகச் செய்து கொடுத்ததில்லை.

25 காசு 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்றானது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. பிறகு செல்போனில் பணம் செலுத்தும் வழி வந்தது. கண்டக்டரின் பையிலும் நாணயம் குறைந்தது, நம் கல்லாவிலும் அதன் தேவை குறைந்தது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும், பஸ் போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்று நம் உறுப்பினரே ஒத்துக்கொள்வார்.

பாரிமுனையில் நடந்தது

ஒரு முனைக்கே இப்படியென்றால் பிராட்வேயின் கதையைக் கேட்கவேண்டுமா?

பழைய காலத்தில் ட்ராம் ஓடியது. 1895-இல் தொடங்கி 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு நின்றுபோனது. ட்ராம் தண்டவாளத்துக்குக் கட்டுப்பட்டது. பாதையை நீட்டவேண்டுமானால் தெருவைத் தோண்டவேண்டும். ஆகவே ட்ராம் முடியும் இடத்தில் கடை வைத்தவருக்கு ஒரு தைரியம் இருந்தது. பஸ்ஸுக்கு அந்த நாணயம் கிடையாது. பலகையை மாற்றி எழுதினால் போதும், நேற்றுவரை கடைசி நிறுத்தம், இன்று வழி நிறுத்தம். "கட் சர்வீஸ்" என்று பாதியில் திருப்புவார்கள். "எக்ஸ்டென்ஷன்" என்று நீட்டுவார்கள். அதைக் கடைக்காரருக்கு யாரும் கடிதம் போட்டுச் சொல்வதில்லை.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, பிராட்வே முனையில் வெளியூர் பஸ்கள் வந்து நின்ற காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரசு பஸ்களுக்கு ஓரிடம், தொலைதூரம் போகும் திருவள்ளுவர் பஸ்களுக்குப் பக்கத்திலேயே வேறிடம். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் விழுப்புரத்து வியாபாரி, திண்டிவனத்து வியாபாரி, செய்யாறு, வந்தவாசிக்காரர்கள் வந்து இறங்குவார்கள். இடுப்பில் பணம், கையில் பை, பைக்குள் சரக்குக் குறித்த சீட்டு. ஒரு டீ குடித்துவிட்டு, பக்கத்து லாட்ஜில் குளித்துவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்குக் கொத்தவால் சாவடிப் பக்கம் நுழைந்தால் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, நைனியப்ப நாயக்கன் தெரு, பந்தர் தெரு, கோடவுன் தெரு என்று எல்லாமே நடக்கும் தூரம்தான். மிளகாய், மல்லி, பருப்பு ஒரு தெருவில். சாயம், ரசாயனம், காகிதம் இன்னொன்றில். துணி ஒன்றில். கண்ணாடி வளையல் வேண்டுமா, அதுவும் பக்கத்தில். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் 1960-களின் பிற்பகுதியில் அமைத்த பர்மா பஜாரும் கூப்பிடு தூரத்தில்.

அந்த வியாபாரி ஒரு நாளில் ஏழெட்டு மண்டியில் ஏறி இறங்குவார். சரக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பார். பருப்பைக் கடித்துப் பார்ப்பார். மிளகாயை முகர்ந்து பார்ப்பார். "போன தடவை கொடுத்த மல்லியில் காம்பு அதிகம்" என்று குறை சொல்வார். நாம் ஒரு காபி வரவழைத்து, பழைய பாக்கியை நயமாகக் கேட்போம். முகம் பார்த்துக் கேட்டால் பாதியாவது வரும். பெரிய மூட்டையெல்லாம் லாரி ஆபீஸுக்குப் போகும். அவசரச் சரக்கு தட்டு வண்டியில் பஸ் நிலையத்துக்கு வந்து, லக்கேஜ் போட்டு, பஸ்ஸின் மேலே ஏறிவிடும். மூட்டையும் முதலாளியும் ஒரே பஸ்ஸில் ஊர் போய்ச் சேருவார்கள். மறுநாள் காலை அங்கே வியாபாரம்.

நெரிசல் இல்லையா? இருந்தது. மழைக்காலத்தில் அந்த இடத்தில் கால் வைக்க முடியாது. ஜேப்படி உண்டு. ஆள் நடக்கக்கூட வழியில்லாத தெருவில் லாரி பின்னுக்கு வரும். இடம் மாற்றவேண்டும் என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை என்பதை நாம் இன்று தாராளமாக ஒப்புக்கொள்ளலாம்.

முதலில் போனது சந்தை. 1996-இல் கொத்தவால் சாவடியின் காய், கனி, பூ மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. 295 ஏக்கர் நிலம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் என்று பெரிய ஏற்பாடு. பிறகு பஸ். 1999 ஜூன் மாதம் அடிக்கல் நாட்டி, 2002 நவம்பர் 18-ஆம் தேதி கோயம்பேடு பஸ் நிலையம் திறக்கப்பட்டது. பிராட்வேயில் மாநகரப் பஸ்கள் நின்றன. வெளியூர்ப் பஸ்கள் போயின. பாதி நிலையம் உயிரோடும் பாதி நிலையம் வெறுமையாகவும் கிடந்தது.

பாரிமுனைக்கும் கோயம்பேட்டுக்கும் பத்துக் கிலோமீட்டர் இருக்கும். வரைபடத்தில் அது ஒன்றுமில்லை. விடியற்காலையில் இறங்கிய வெளியூர் வியாபாரிக்கு அது இன்னொரு பஸ். 15பி பிடித்து, நின்றுகொண்டே வந்து, திரும்பும்போது மூட்டையோடு நகரப் பஸ்ஸில் ஏற முடியாமல் ஆட்டோவுக்குக் கொடுத்து... இரண்டு தடவை வந்தார், மூன்றாவது தடவை போன் போட்டார். "நீங்களே பார்த்து நல்லதா ஏத்தி விட்ருங்க" என்றார். அங்கேதான் மாற்றம் ஆரம்பித்தது. சரக்கைப் பார்த்து வாங்குகிற பழக்கம் போய், பேச்சை நம்பி வாங்குகிற பழக்கம் வந்தது. ஏழு மண்டி ஏறியவர் இரண்டு மண்டியோடு நிறுத்திக்கொண்டார். பெயர் எடுத்த கடைக்கு வியாபாரம் கூடியது. தெருவில் தற்செயலாகக் கண்ணில் பட்டு வியாபாரம் பிடித்த சிறு மண்டிக்காரருக்குக் குறைந்தது. பஸ் நிலையத்தை ஒட்டியிருந்த லாட்ஜ், மெஸ், பெட்டிக்கடை, தட்டு வண்டிக்காரர் இவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மொத்த வியாபாரத் தெருக்கள் அழிந்துவிட்டனவா என்றால், இல்லை. பருப்பும் மசாலாவும் துணியும் காகிதமும் அங்கேயேதான் இருந்தன. ஆனால் கைப்பணம் கொண்டு வந்தவர் கடனில் வாங்குகிறவராக மாறினார். நேரில் வந்தவரிடம் கேட்ட பாக்கியை டெலிபோனில் கேட்கவேண்டியதாயிற்று. வசூலுக்கு ஆள் போட்டோம். லைன் சேல்ஸ் என்று வேன் வைத்து நாமே ஊர் ஊராகப் போனோம். பஸ் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போனதற்கு நாம் கட்டிய வரி அது. சிலர் முந்திக்கொண்டு கோயம்பேட்டுப் பக்கம் கிளை போட்டார்கள். அவர்களைப் பார்த்து அன்று சிரித்தவர்களில் நாமும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2018-இல் மாதவரத்தில் ஒரு வெளியூர் பஸ் நிலையம் திறந்தார்கள். 2020-இல் கொரோனா பரவி, மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கும், பழ வியாபாரம் இந்த மாதவரம் பஸ் நிலையத்துக்கும் போனது. பஸ் நிற்கவேண்டிய இடத்தில் ஆரஞ்சும் மாம்பழமும் அடுக்கியிருந்தன. பஸ்ஸைத் தேடி வியாபாரம் போவது நாம் அறிந்தது. பஸ்ஸே ஓடாத காலத்தில் பஸ் நிலையத்துக்குள்ளேயே வியாபாரம் நுழைந்ததையும் அன்று பார்த்தோம்! திருமழிசையில் மழைச் சேற்றில் பட்ட பாட்டை அங்கே இருந்த காய்கறி வியாபாரிகள் வாயால் கேட்கவேண்டும். செப்டம்பர் மாதம் கோயம்பேடு படிப்படியாகத் திறந்த பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகு கோயம்பேட்டின் முறை. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. 2024 ஜனவரி முடிவதற்குள் தென்மாவட்டப் பஸ்களும் ஆம்னி பஸ்களும் அங்கே போய்விட்டன. மேற்கே போகும் சில பஸ்கள் கோயம்பேட்டிலிருந்தே கிளம்பின. அது ஆறுதல் பரிசு. 2002-இல் பிராட்வேக்காரர்கள் பட்டதை, இருபத்தோரு வருஷம் கழித்துக் கோயம்பேட்டு லாட்ஜ்காரரும் ஹோட்டல்காரரும் பழக்கடைக்காரரும் பட்டார்கள். கிளாம்பாக்கத்திலிருந்து பாரிமுனை முப்பது கிலோமீட்டருக்கு மேல். தெற்கத்தி வியாபாரி பஸ்ஸில் வந்து இறங்கிச் சாவடியில் கொள்முதல் செய்துவிட்டு அன்றே திரும்புவது என்பது இனி வீம்புக்குச் செய்கிற காரியம்தான். எழும்பூர் ரயிலில் வருகிறவர்களுக்கு வேண்டுமானால் வழி உண்டு.

நாம் கவனிக்கவேண்டியது

பஸ் நிலையம் ஒரே இரவில் மாறுவதில்லை. கோயம்பேட்டுக்கு அடிக்கல் நாட்டியதற்கும் திறந்ததற்கும் நடுவே மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தது. அந்த மூன்று வருஷமும் பிராட்வேயில், "இதெல்லாம் நடக்காது" என்று பேசியே கழித்தோம். புதிதாக அட்வான்ஸ் கொடுத்துக் கடை எடுத்தவர்கூட உண்டு. அறிவிப்பு வந்தவுடன் செய்யவேண்டியது எளிய காரியம்தான்: யார் யார் பஸ்ஸில் இறங்கி வந்து வாங்குகிறார்கள், யார் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு மாதம் தனித்தனியாகக் குறித்து வைப்பது. அது தெரியாமல் வாடகையைப் பற்றியோ கைமாற்றுவதைப் பற்றியோ முடிவு எடுக்கவே கூடாது.

வாடகைப் பத்திரம் அடுத்தது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்யவேண்டும் என்பது அதன் விதி. நம்மில் பலர் இன்னும் அப்பா காலத்து வாய்ப்பேச்சிலேயே ஓட்டுகிறோம். பஸ் போன பிறகு வாடகையைக் குறைத்துக் கேட்கப் போனால், கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் நிற்கவேண்டி வரும். நடைபாதையில் தள்ளுவண்டி வைத்திருக்கும் நம் தோழர்களுக்கு 2014-ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் அறிவிப்புக் கொடுக்காமல் இடம் மாற்றக்கூடாது என்கிறது. இது தெரியாமல் முதல் அதட்டலிலேயே வண்டியை எடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பஸ் நிலையத்துக்குள் ஏலம் எடுத்தவர்களும் நிலையம் மாறினால் வைப்புத்தொகை எப்போது திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டே கையெழுத்துப் போடவேண்டும். நாமே ஒரு காலத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, கொடுத்த பணத்தை வாங்க ஒன்றரை வருஷம் ஓர் அலுவலகத்தின் படியேறி இறங்கியவர்கள். அந்தச் செருப்புத் தேய்மானத்தை யாரும் ஈடு செய்யவில்லை.

சரி, நம் உறுப்பினர் விஷயத்துக்கு வருவோம். சிட்டையை மூன்று நாள் வைத்துப் பார்த்தோம். காலை வியாபாரம் குறையவில்லை. மாதக் கணக்கு வீடுகள் ஒன்றுகூட விடவில்லை. அடிபட்டது இரவு ஏழரை முதல் கடைசி பஸ் வரை உள்ள நேரம். அதுவும் சோடா, பிஸ்கட், பழம், பீடி, முட்டை இவற்றில். அரிசி, பருப்பு, எண்ணெயில் சரிவு சொற்பம். அவர் பயந்தது கல்லாவைப் பார்த்து அல்ல, வாசலில் கூட்டம் இல்லாததைப் பார்த்து.

மறுபடி அவரை வரச் சொன்னோம். "தம்பி, கைமாத்தறதுன்னா இப்போ மாத்தாதீங்க. பஸ் போன சூட்டுல வர்றவன் பாதி விலைதான் கேப்பான்" என்று சொன்னோம். புது நகரில் பஸ் திரும்பும் இடத்தில் இப்போது என்ன கடை இருக்கிறது என்று கேட்டோம். "ஒரு டீக்கடை மட்டும்தான் அண்ணாச்சி. கட்டடம் ரெண்டு எழும்பிக்கிட்டு இருக்கு" என்றார்.

பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதி, சின்ன அறையாக ஒன்று பிடித்து, தம்பி மகனை உட்கார வைக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அந்தப் பாதையை மறுபடியும் நீட்டும் பேச்சு ஏதாவது இருக்கிறதா என்பதை முதலில் டைம் கீப்பரிடம் விசாரித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.